கூலிங்கிளாஸ் போட்ட கிளி

எங்கள் பட்டாசு ஆலையின் கேட்டில் காலையில் நுழையும்போது எங்களை உரித்துத்தான் உள்ளே விடுவார்கள். வளையல் கூடாது, கொலுசு கூடாது, கழுத்துச் சங்கிலி கூடாது, கொண்டை ஊசி கூடாது. உரசினால் பொறி வரும், பொறி வந்தால் நாங்கள் வீட்டுக்கு வரமாட்டோம். நேற்றுக் கல்யாணமான பெண்ணாக இருந்தாலும் வெறும் மஞ்சள் கயிறோடுதான் உள்ளே போக வேண்டும். சிவகாசிக்குப் பக்கத்தில் விஸ்வநத்தம் சுற்று வட்டாரத்தில் எல்லா ஆலைக்கும் இதுதான் சட்டம். இந்தச் சட்டத்தை ஒருத்தி மட்டும் தினமும் வாட்ச்மேன் மூக்குக்கு நேராகக் கையை ஆட்டி, மீறிக்கொண்டு போவாள்.

"அண்ணே, இதையும் கழட்டி வச்சுட்டுப் போகவா?"

அவள் பெயர் செல்லத்தாய். வலது முன்கையில் பச்சை குத்திய கிளி ஒன்று உட்கார்ந்திருக்கும். அந்தக் கிளி கூலிங்கிளாஸ் போட்டிருக்கும். வாட்ச்மேன் ஒவ்வொரு நாளும் சிரிப்பார். ஒரே விஷயத்துக்கு இத்தனை வருஷம் சிரிக்கிற மனிதரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

நான் பாண்டிமீனா. அவளோடு ஒரே கம்பெனி வேனில் ஒரே சீட்டில் வந்து போகிறவள். லேபிள் ஒட்டும் அறையில் அவளுக்கு எதிரே உட்கார்ந்து, நாள் பூராவும் பசை தடவிக்கொண்டு அவள் பேச்சைக் கேட்டுக்கொண்டிருப்பவள். அவளைப் பற்றிச் சொல்ல என்னைவிடத் தகுதியான ஆள் கிடையாது. இருந்தால் வரச் சொல்லுங்கள், பார்த்துக்கொள்கிறேன்.

எங்கள் கம்பெனியின் மார்க்கும் அதே கிளிதான். சாட்டைப் பெட்டியிலிருந்து பெரிய கிஃப்ட் பாக்ஸ் வரைக்கும் கூலிங்கிளாஸ் போட்ட கிளி இல்லாமல் ஒன்றும் வெளியே போகாது. கிளியின் மூக்குக்குக் கீழே கறுப்பாக ஒரு பழம் இருக்கும். கிளிக்குக் கோவைப்பழம்தானே கொடுப்பார்கள், அது சிவப்பாக அல்லவா இருக்க வேண்டும், இந்தக் கறுப்புப் பழத்தை எந்த மரத்தில் பறித்தார்கள் என்று நான் கேட்டபோதெல்லாம் செல்லத்தாய் குனிந்துகொண்டு இன்னும் வேகமாக லேபிள் ஒட்டுவாள்.

கம்பெனி லேபிளைக் கையில் குத்திக்கொண்ட விசுவாசி என்று அவளை நாங்கள் செய்யாத கேலி இல்லை. "மொதலாளி ஒரு பெட்டி வெடி இனாமாத் தந்தா முதுகுலயும் குத்திக்கிருவா" என்பேன். அவள் ஆமாம் என்றும் சொல்லமாட்டாள், இல்லை என்றும் சொல்லமாட்டாள். பல்லைக் காட்டுவாள். அந்தச் சிரிப்பைப் பார்த்தால் எனக்கு எரிச்சலாக வரும்.

ஒரு கிளியைப் பார்த்து ஊர் எத்தனை விதமாகப் பேசும் என்று அவள் கையைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். அவள் மாமியார், செத்தாலும் கூடவே வருகிற நகை இது ஒன்றுதான் என்று கல்யாணத்தன்றே மெச்சினாராம். பக்கத்து வீட்டு ஜெபக்கூட்டத்து அக்கா, உடம்பில் குத்தக்கூடாதென்று வேதத்திலேயே இருக்கிறது, ஆண்டவரிடம் மன்னிப்புக் கேள் என்பார். அட்டை சப்ளை பண்ணுகிற பாய், "படைச்சவன் குடுத்த தோல்ல நாம எதுக்கும்மா கிறுக்கணும்?" என்று உண்மையாகவே வருத்தப்பட்டார். சீசன் வேலைக்கு ஒடிசாவிலிருந்து வந்த ஒரு பெண்ணுக்கு முழங்கை வரைக்கும் புள்ளியும் கோடுமாகப் பச்சை. அவள் செல்லத்தாயின் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இவ்வளவுதானா என்று சைகையில் கேட்டு உச்சுக் கொட்டினாள். சிவகாசி பஸ் ஸ்டாண்டு பக்கம் டாட்டூ கடை வைத்திருக்கும் பையனோ "அக்கா, இது விண்டேஜ்" என்று நாலு போட்டோ எடுத்துக்கொண்டான். ஊசி அதே ஊசிதான். பச்சை என்றால் பட்டிக்காடு, டாட்டூ என்றால் ஏசி ரூம்.

இத்தனை பேர் சொன்னதையும் அவள் கையைத் துடைக்கிற மாதிரி துடைத்துப் போட்டுவிட்டாள். ஒருத்தி சொன்னதைத்தான் துடைக்க முடியவில்லை. அது அவள் மகள் இசைவாணி.

புருஷன் போன பிறகு லேபிள் ஒட்டியே படிக்க வைத்த பிள்ளை. நர்சிங் முடித்து, ஜப்பான் பாஷையும் படித்து, அங்கே வயசானவர்களைப் பார்த்துக்கொள்கிற வேலைக்குப் போய்விட்டாள். வீடியோ காலில் வந்தால் முதல் வார்த்தையே "அம்மா, கையைக் கீழ போடு" என்பதுதான்.

"ஏண்டீ?"

"இங்கன பச்சை குத்தினவுகன்னா ரவுடிக் கூட்டம்னு நினைப்பாகம்மா. என் ரூம்மேட் பாத்தா பயந்துருவா."

எங்கள் செல்லத்தாய் ரவுடி! கரப்பான்பூச்சியைப் பார்த்து வேனை நிறுத்தச் சொன்ன ரவுடி. நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அவள் வேண்டுமென்றே கிளிக் கையால் முடியை ஒதுக்குவாள், கிளிக் கையால் மோவாயைத் தாங்குவாள். அங்கே மகள் தலையில் அடித்துக்கொள்வாள்.

விளையாட்டு விளையாட்டாகவே இருந்திருக்கும். இந்த வருஷம் தீபாவளி முடிந்ததும் ஒரு மாதம் வந்து தங்கிவிட்டுப் போ என்று இசைவாணி அழைத்தாள். அம்மாவை அங்கே வெந்நீர் ஊற்றுக் குளத்தில் குளிக்க வைக்க வேண்டும் என்பது அவளுடைய பெரிய ஆசை. லேபிள் ஒட்டி ஒட்டிக் கூன் விழுந்த முதுகுக்கு அது நல்லதாம். ஆனால் பச்சை குத்தியவர்களை அந்தக் குளத்தில் இறங்க விடமாட்டார்களாம்.

"குத்தாலத்துல குளிக்க எவனாவது கையைக் காட்டச் சொல்லுதானா? அங்கன கூட்டிட்டுப் போகச் சொல்லு" என்றேன்.

செல்லத்தாய் சிரிக்கவில்லை. "அவகூட ஒரு மாசம் இருக்கணும் பாண்டிமீனா. அவ சமைச்சு நான் ஒரு நாளும் சாப்பிட்டதில்ல" என்றாள். எனக்குச் சங்கடமாகப் போய்விட்டது.

இந்த நேரம் பார்த்துத்தான் கம்பெனியில் பாகப்பிரிவினை வந்தது. பெரிய முதலாளி காலமாகி வருஷம் திரும்பவில்லை, மகன்கள் இரண்டு பேரும் பிரிந்துவிட்டார்கள். ஷெட்டைப் பிரித்தாயிற்று, வேனைப் பிரித்தாயிற்று. கிளியை எப்படிப் பிரிப்பது? மூத்தவர் அழகுராஜா, கிளி என் யோசனை, ஆகவே எனக்கு என்றார். இளையவர் கதிரவன், இல்லை என் யோசனை, எனக்கு என்றார். கோர்ட்டுக்குப் போனால் சீசன் போய்விடும் என்று சொந்தக்காரர்கள் பேசி, விருதுநகரில் கற்பகவல்லி என்கிற வக்கீல் அம்மா வீட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார ஏற்பாடு செய்தார்கள்.

அழகுராஜாவுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்களோ, ஒரு நாள் லேபிள் அறைக்கே வந்துவிட்டார். முதலாளி உள்ளே வந்ததும் நாங்கள் எழுந்து நின்றோம்.

"செல்லத்தாயக்கா, நல்லா இருக்கீகளா? அந்தக் கையைக் கொஞ்சம் காட்டுங்க" என்றார். தம்பி தொழிலுக்கு வருவதற்கு ரொம்ப முன்னாலேயே இந்த மார்க் இருந்தது என்பதற்கு இந்தக் கைதான் சாட்சியாம். "ஞாயித்துக்கிழமை நீங்க வந்து காட்டினாப் போதும். கார் அனுப்புறேன்."

இளையவர் மட்டும் சும்மா இருப்பாரா? மறுநாளே அவருடைய சூப்பர்வைசர் சிவபாண்டி வேன் ஏறுகிற இடத்துக்கு வந்தார். குரலில் தேன் வழிந்தது.

"பச்சையை அழிக்கணும்னு மக ஆசைப்படுதாமே? சின்ன மொதலாளிக்கு மனசு கேக்கல. மதுரையில லேசர் வச்சு அழிக்கிற ஆஸ்பத்திரி இருக்கு. சனிக்கிழமையே போயிருவோம். எல்லாம் அவுக பொறுப்பு."

சனிக்கிழமை லேசர் வைத்தால் ஞாயிற்றுக்கிழமை கட்டுப் போட்ட கையைத்தான் காட்ட முடியும். அவ்வளவு கரிசனம்.

"சனிக்கிழமை எனக்கு வேலை இருக்கு. செவ்வாய்க்கிழமை வாரேன்" என்றாள் செல்லத்தாய். சிவபாண்டி முகம் செத்துப்போனது. என் முகமும்தான்.

"நிசமாவே அழிக்கப் போறியா?" என்று வேனில் கேட்டேன்.

"பிள்ளை கேக்குதுல்ல." கிளியை முந்தானையால் மூடிக்கொண்டாள். நான் அறிந்து அவள் அதை மூடியது அன்றுதான். "கேட்டுல எல்லாத்தையும் கழட்டி வச்சுட்டுப் போவோம். அம்புட்டுப் பேரும் ஒண்ணுபோல மொட்டையா நிப்போம். எனக்கு மட்டும் இது ஒண்ணு இருந்துச்சு" என்றாள். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். இத்தனை வருஷம் நான் கேலி பண்ணிய கிளிக்காக எனக்கு அழுகை வந்தது. கோபமும் வந்தது. மகள் மேலா, முதலாளிகள் மேலா, ஜப்பான் மேலா என்று தெரியாமல் எல்லார் மேலும் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை கார் வந்தது. தனியாகப் போகமாட்டேன் என்று என்னையும் இழுத்துப் போட்டுக்கொண்டாள். வக்கீல் அம்மா வீட்டு ஹாலில் சொந்தக்காரர்கள் நாலைந்து பேர், இரண்டு பக்கமும் அண்ணன் தம்பி, நடுவில் மேஜை மேல் ஒரு கிஃப்ட் பாக்ஸ். அதன் மூடியில் கிளி. எங்களுக்கு ஓரமாக நாற்காலி போட்டு டீ கொடுத்தார்கள். முதலாளிகள் முன்னால் உட்காரக் கூசி, நாற்காலி நுனியில் ஒட்டிக்கொண்டிருந்தோம்.

அழகுராஜா முதலில் ஆரம்பித்தார். "காலேஜ்ல படிக்கும்போது நான் ஒரு கூலிங்கிளாஸ் வாங்கினேன் மேடம். அதைப் போட்டுட்டு அப்பா முன்னாடி நின்னேன். இதையே ஒரு கிளிக்கு மாட்டி மார்க்கா வைங்கப்பான்னு சொன்னேன். அப்படி வந்ததுதான் இது. மார்க் வந்த சூட்டுலயே நம்ம லேபர் ஒருத்தவுக ஆசைப்பட்டுக் கையில குத்திக்கிட்டாக. இந்தா உக்காந்திருக்காக."

"புளுகு" என்றார் கதிரவன். "பள்ளிக்கூடத்துல டிராயிங்ல நான்தான் ஃபர்ஸ்ட். கிளியை வரைஞ்சது நான். கூலிங்கிளாஸ் வச்சதும் நான். அந்தக் கறுப்புப் பழத்தைப் பாருங்க மேடம். கிளி வாய்க்கு ஏதாச்சும் வேணும்ல? நாவல்பழம். எங்க தோட்டத்து நாவல்பழத்தைப் பாத்து நான் வரைஞ்சது. அண்ணனைக் கேளுங்க, அந்தப் பழம் ஏன் அங்கன இருக்குன்னு அவருக்குத் தெரியுமா?"

அண்ணனுக்குத் தெரியவில்லை. மேலே பார்த்தார்.

அப்போதுதான் எனக்குப் பக்கத்தில் ஒரு சத்தம் கேட்டது. செல்லத்தாய்க்குச் சிரிப்பு. முந்தானையை வாயில் திணித்துப் பார்த்தாள், முடியவில்லை. டீ மூக்கில் ஏறி, இருமி, கண்ணில் தண்ணீர் வந்து, ஹால் முழுக்க அவளையே பார்த்தது. நான் அவள் தொடையில் கிள்ளினேன். அதற்கும் சிரித்தாள்.

"என்னம்மா?" என்றார் வக்கீல்.

செல்லத்தாய் எழுந்து கையை நீட்டிக்கொண்டு போனாள். "சின்ன மொதலாளி, உங்க நாவப்பழத்தைக் கொஞ்சம் தொட்டுப் பாக்கீகளா?"

அவர் தொடவில்லை. வக்கீல் அம்மாதான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, விரலால் தடவிப் பார்த்தார். இன்னொரு தரம் தடவினார்.

"இது மச்சமில்லையா?"

"ஆமாங்கம்மா. பிறந்ததுல இருந்து இருக்கு. ஒத்த முடி கூட இருக்கும் பாருங்க."

நான் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு ஓடிப்போய்ப் பார்த்தேன். தினமும் பார்க்கிற கைதான். கிளியின் மூக்குக்குக் கீழே கறுப்பாக இருந்ததை நானும் பச்சை என்றே நினைத்திருந்தேன். மேஜை மேல் இருந்த பெட்டியில், அதே இடத்தில், அதே அளவில் பழம்.

அதன் பிறகு அவள் சொன்னாள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் பங்குனிப் பொங்கலுக்கு விருதுநகர் வந்திருக்கிறாள். திருவிழாவில் பச்சை குத்துகிற அம்மாளிடம் கிளி கேட்டிருக்கிறாள். கிளி பூராவும் அழகாக வந்துவிட்டது. கண் வைக்கிற நேரம்.

"பின்னால எவனோ ஒரு வீணாப்போனவன் சரவெடியைக் கொளுத்திப் போட்டான். அந்தம்மா பதறிட்டாக. ஊசி துள்ளிருச்சு. கண்ணு மை அப்பினாப்புல ஆயிப்போச்சு. நான் அழுதேன். ஏ பிள்ளை அழாத, ரெண்டு கம்பி இழுத்தா கூலிங்கிளாஸ் ஆயிரும், இப்ப அதான ஸ்டைலுன்னாக. சரின்னேன். அப்பக் கம்பெனிக்குக் கிளி மார்க் கிடையாது. தாமரைப்பூ மார்க்தான். உங்களுக்கு ஞாபகம் இருக்கா பெரியவரே?"

அழகுராஜாவின் சித்தப்பா ஒருவர் மூலையிலிருந்து, "ஆமா, தாமரை. ஒண்ணும் ஓடல" என்றார்.

"ஒரு நாள் பெரிய மொதலாளி கேட்டுல என் கையைப் பாத்துட்டாக. நிக்கச் சொன்னாக, ஆபீசுக்கு வரச் சொன்னாக. வேலை போச்சுன்னு நினைச்சுட்டேன். அங்கன பிரஸ்ல படம் வரையிற ஆர்ட்டிஸ்ட் உக்காந்திருக்காரு. கையை மேஜையில வைன்னாரு. மேல மெல்லிசாப் பேப்பரைப் போட்டு அப்படியே எடுத்தாரு. எது பச்சை, எது மச்சம்னு அவர் கேக்கல. நானும் பயத்துல சொல்லல. தீபாவளிக்கு எனக்கு ஒரு சேலை குடுத்து, யார்ட்டயும் சொல்லாத பிள்ளைன்னாக. சொல்லல."

கூலிங்கிளாஸ் வாங்கியவரும் நாவல்பழம் வரைந்தவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை. சின்ன வயதில் அப்பா சொன்ன ஏதோ ஒன்றைத் தங்கள் யோசனை என்றே நினைத்து வளர்ந்திருப்பார்களோ என்னவோ. நான் இரக்கப்படவில்லை. இத்தனை வருஷமாக என்னை முட்டாளாக்கிய செல்லத்தாயை முறைத்துக்கொண்டிருந்தேன்.

"இத்தனை காலம் ஏன்மா சொல்லல?" என்றார் வக்கீல் அம்மா.

"மொதல்ல பயம். பெறவு பயம் போயி ருசி வந்துருச்சு. இவ எதிர்ல உக்காந்து, இது என்ன பழம், எந்த மரத்துப் பழம்னு தினம் கேப்பா. எனக்குச் சிரிப்பை அடக்குறதுதான் வேலை. டெல்லியிலயும் பம்பாய்லயும் எவன் எவனோ என் கையைக் கிழிச்சுப் போட்டுத்தான் தீபாவளி கொண்டாடுதான். அவனுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். அந்தச் சந்தோசமே போதும்னு இருந்தேன்." சொல்லிக்கொண்டே வந்தவளுக்குக் குரல் மாறியது. "இப்ப ஒருத்தர் கையைக் காட்டுன்னு கார் அனுப்புதீக. ஒருத்தர் அழின்னு ஆஸ்பத்திரிக்குக் கூப்பிடுதீக. குத்தும்போது வலிச்சது எனக்குல்லா? என்னை ஒரு வார்த்தை கேட்டீகளா?"

முதலாளிகளைப் பார்த்து அவள் இப்படிப் பேசுவாள் என்று நான் நினைக்கவே இல்லை. எனக்குப் பயமாகவும் இருந்தது. நன்றாகவும் இருந்தது.

வக்கீல் அம்மா இரண்டு பேரையும் பார்த்தார். "அசல் இந்தம்மாகிட்ட இருக்கு. நீங்க ரெண்டு பேரும் நகலுக்குச் சண்டை போடுறீங்க. அவங்களையே கேளுங்க."

கதிரவன்தான் முதலில் வாய் திறந்தார். "என்னக்கா செய்யணும்?"

"ரெண்டு பேரும் வச்சுக்கோங்க. வேண்டாங்கல. ஆனா கிளி மேல யாரும் கை வைக்கப்படாது. பெட்டியிலயும் சரி, இந்தக் கையிலயும் சரி. பழமும் அங்கனதான் இருக்கணும்." திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். இந்தத் தடவை முழுசாகச் சாய்ந்து உட்கார்ந்தாள். "செவ்வாய்க்கிழமை நான் மதுரைக்கு வரலன்னு சிவபாண்டியண்ணன்ட்ட சொல்லிருங்க."

திரும்பும்போது கார் முழுக்க நான் அவளைத் திட்டிக்கொண்டு வந்தேன். அவள் பழைய சிரிப்பைச் சிரித்துக்கொண்டு வந்தாள். ஆனால் சாத்தூர் ரோட்டில் திரும்பியதும் அடங்கிப்போனாள். கிளி பிழைத்துவிட்டது. மகளிடம் இனிமேல்தான் சொல்ல வேண்டும்.

வீட்டுக்கு வந்ததும் என்னைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு போன் போட்டாள். எல்லாவற்றையும் சொன்னாள். இசைவாணி குறுக்கே பேசவே இல்லை. "நான் அழிக்கலடீ. உன்கூட வந்து இருக்கேன், குளத்துக்கு வரல. நீ குளி, நான் கரையில உக்காந்துக்கிறேன்" என்று முடித்தாள் செல்லத்தாய்.

"எங்கிட்டக்கூட ஏம்மா சொல்லல?" மகள் குரல் உடைந்திருந்தது.

"நீதான் கையைக் கீழ போடுன்னு சொல்லுவியே. பெறகு எங்குட்டுச் சொல்ல?"

அப்புறம் பேசுகிறேன் என்று மகள் வைத்துவிட்டாள். செல்லத்தாய் அன்றைக்குச் சாப்பிடவில்லை. இரண்டு நாள் போன் வரவில்லை. லேபிள் அறையில் அவள் வாயே திறக்காததால் எனக்குப் பொழுது போகவில்லை.

மூன்றாம் நாள் வேனில் வீடு திரும்பும்போது போன் வந்தது. வேனில் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி கத்தினாள் இசைவாணி. "அம்மா, கையை மேல தூக்கு!"

செல்லத்தாய் தூக்கினாள். திரையில் மகளோடு இன்னொரு முகமும் முட்டிக்கொண்டு வந்தது. பயந்துவிடுவாள் என்று சொன்ன ரூம்மேட். அந்தப் பெண் கிளியைப் பார்த்துவிட்டு, கையைக் கண்ணில் வட்டமாக வைத்துக் கூலிங்கிளாஸ் மாதிரி காட்டிச் சிரித்தாள்.

"ஒவ்வொரு குளமா போன் பண்ணிக் கேட்டேன்மா. சிலதுல, பச்சை தெரியாம மேல ஸ்டிக்கர் ஒட்டினா விடுறாகளாம். சின்னதா இருக்கணும், அம்புட்டுதான். உனக்கு ஒட்டத் தெரியுமா?"

வேனே சிரித்தது. வாழ்நாள் பூராவும் பசையும் கையுமாக இருக்கிறவளிடம் கேட்கிற கேள்வியா இது?

தீபாவளி முடிந்து அவள் புறப்படுகிற அன்று பெட்டி கட்ட நான்தான் கூட இருந்தேன். சேலைகளுக்கு நடுவில், நசுங்காமல், தகரப் பெட்டிக்குள் ஒரு கட்டு லேபிள் வைத்திருந்தாள். கதிரவனிடமே கேட்டு வாங்கினாளாம்.

"ப்ளேன்ல வெடியே ஏத்தமாட்டாக. வெறும் லேபிள் எதுக்குடீ?" என்றேன்.

அவள் ஒன்றை உருவிப் பின்பக்கம் பசையைத் தடவினாள். கையை மடியில் வைத்துக்கொண்டு, கிளியின் மேல் கிளியை வைத்து, ஓரம் சுருங்காமல் விரலால் நீவி விட்டாள். இம்மி பிசகவில்லை. மூக்குக்கு மேல் மூக்கு, கண்ணாடிக்கு மேல் கண்ணாடி, மச்சத்துக்கு மேல் நாவல்பழம்.

பிறகு கையை என் முகத்துக்கு நேராக நீட்டினாள்.

"பாத்தியா, ஒண்ணுமே தெரியல" என்றாள்.